முதுகு வசனம்

மார்ச் 2, திங்கள்

காலையில் பரந்தாமன் போன். விசிட்டிங் கார்டில் தயாரிப்பாளர் என்று போட்டிருப்பான். வெளிநாட்டுப் படங்களை வாங்கித் தமிழ் பேசவைத்து விற்பதுதான் தொழில். இந்த முறை இங்கிலாந்துப் படம். ஜாம்பி காமெடியாம்.

"செத்தவன் எந்திரிச்சு வந்து கடிக்கிறான் சார், ஆனா அந்த ஊர்க்காரங்க தியேட்டர்ல விழுந்து விழுந்து சிரிச்சிருக்காங்க. எதுக்குன்னு எனக்குப் புரியல. நீங்க பார்த்து எழுதிருங்க" என்றான்.

தலைப்பு முடிவாகிவிட்டது: 'லண்டன் பிணங்கள்'. கதை நடப்பது லண்டனே இல்லை, ஏதோ ஒரு சின்ன கிராமம். லண்டன் என்று போட்டால்தான் ஓடுமாம்.

ஒத்துக்கொண்டேன். டப்பிங் வசனம் எழுத வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. சாலிகிராமத்தில் முதுகு வேங்கடம் என்றால் தெரியாதவர் கிடையாது. நடிகர் முகம் காட்டிப் பேசும்போது வாயசைவுக்குத் தக்கபடிதான் எழுத முடியும். முதுகைத் திருப்பிவிட்டால் வாய் தெரியாது, என்ன வேண்டுமானாலும் பேசவைக்கலாம். அசலில் சும்மா நின்றவர்களை நான் அழவைத்திருக்கிறேன், சபதம் போடவைத்திருக்கிறேன், ஒருத்தனைக் காதல் கடிதமே வாசிக்கவைத்திருக்கிறேன். முதுகு கிடைத்தால் விடமாட்டேன்.

தண்ணீர் கேனுக்குச் சொல்லியாயிற்று.

மார்ச் 4, புதன்

படத்தை இரண்டு முறை பார்த்தேன். இவர்கள் வாயைத் திறப்பதே இல்லை. உதடு கால் அங்குலம் அசைகிறது, அதற்குள் விஷயம் முடிந்துவிடுகிறது. நான் எங்கே தமிழைத் திணிப்பது?

கதாநாயகன் பெயர் கிளைவ். நம் ஊரைப் பிடித்தவன் பெயர்தான், ஆனால் இவனுக்கு ஒரு களையைப் பிடுங்கவும் மனசு வராது. ஊரில் காய்கறிப் போட்டி. யார் தோட்டத்துப் பூசணி பெரியது என்று அளந்துகொண்டிருக்கும்போது பிணங்கள் உள்ளே வருகின்றன. யாரும் ஓடவில்லை. விழாக் கமிட்டிச் செயலாளர் பிணங்களைப் பார்த்து, வரிசையில் வரும்படி கேட்டுக்கொள்கிறார். ஒரு அம்மாள் குடையால் ஒரு பிணத்தை அடிக்கிறாள், ஒவ்வொரு அடிக்கும் ஸாரி சொல்கிறாள். எண்ணினேன், பதினான்கு ஸாரி.

கிளைவின் மனைவி மார்ஜரியை ஒரு பிணம் கடித்துவிடுகிறது. அவள் ஸ்வெட்டர் கையை இழுத்து மூடிக்கொண்டு, பூனை கீறிவிட்டது என்று சொல்லி டீ ஊற்றுகிறாள். மறுநாள் அவளும் பிணம். கிளைவ் அவளைத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்துப் பூட்டி, கதவுக்கு அடியில் தட்டைத் தள்ளுகிறான். ஞாயிறுதோறும் மாமியார் மிசஸ் பெல் போன் செய்கிறாள். மகளுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, தோட்டத்தில் இருக்கிறாள் என்கிறான். படம் முழுக்க இதேதான். கடைசியில் மாமியார் ஒரு கேக் டப்பாவோடு நேரில் வந்து கொட்டகையைத் திறக்கிறாள். டப்பாவில் கேக்குக்குக் கீழே பச்சை ஈரல் ஒரு பொட்டலம் இருக்கிறது. அது எதற்கு என்று விளங்கவில்லை. பரந்தாமனிடம் சொல்லி அந்த ஷாட்டை வெட்டிவிடலாம்.

அங்கே பிணங்கள்கூட உறுமுவதற்குக் கூச்சப்படுகின்றன. கூட்டத்துக்குக் குரல் கொடுக்கும் நம்ம குரூப் வாய்ஸ் ஆட்களிடம் சொல்லி ஒழுங்காக உறுமவைக்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

ஆறரைக்குப் பூரணி போன். ஷெஃபீல்டில் அப்போது பகல் ஒரு மணி. மகள் அங்கே போய் ஐந்து வருடம் ஆகிறது, மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். வாரத்தில் ஆறு நாளும் அந்த ஊர் ஆட்களோடு பேசுகிறவள். அதனால் என் சந்தேகங்களை அவளிடமே கேட்டேன்.

"அவங்க அளவே வேறப்பா. 'பரவால்ல'ன்னா நல்லாயில்லன்னு அர்த்தம். 'கொஞ்சம் சிரமமா இருக்கு'ன்னு ஒருத்தர் வந்தா, காலே முறிஞ்சிருக்கும். 'எனக்காக நீங்க அலட்டிக்காதீங்க'ன்னு சொன்னா உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்."

"அப்போ காமெடி எங்கம்மா இருக்கு?"

"ஊரே இடிஞ்சு விழுது, இவங்க அதே அளவுலதான் பேசுவாங்க. அதுதான் காமெடி. அவங்களைப் பார்த்து அவங்களே சிரிச்சுக்கறாங்க."

நல்ல விளக்கம். குறித்துக்கொண்டேன். மாப்பிள்ளை முகுந்தனைக் கேட்டேன், தோட்டத்தில் இருக்கிறாராம். நீ எப்படிம்மா இருக்கே என்றேன்.

"பரவால்லப்பா."

என் பெண்ணுக்கு அங்கே நன்றாகப் பழகிவிட்டது. மிசஸ் பெல்லின் வசனங்களைத் தமிழில் எழுதி அனுப்புகிறேன், அந்த ஊர் தோரணையில் படித்து வாய்ஸ் மெசேஜாக அனுப்பு என்றேன். சரி என்றாள்.

மார்ச் 11, புதன்

மோட்டார் ரிப்பேர். மூன்றாவது ரீல் முடிந்தது. ஸாரி பதினான்கும் ஸாரியாகவே இருக்கட்டும்.

மார்ச் 13, வெள்ளி

போன் காட்சிகளை எழுதினேன். மொத்தம் நான்கு ஞாயிறு, நான்கு போன். கிளைவ் முதலில் 'குளிக்கிறா' என்கிறான், அப்புறம் 'லைப்ரரி போயிருக்கா', அப்புறம் இரண்டு வாரம் 'தோட்டத்துல'. பின்னால் கொட்டகை தடதடக்கிறது, ஜன்னலில் மழை. எத்தனை முறை ஓட்டினாலும் சிரிப்பு வருகிறது. ஒரு பெண்ணைப் பெற்றவள் இதை எப்படி நம்புகிறாள் என்பதுதான் இடிக்கிறது. திரைக்கதையில் ஓட்டை என்று பரந்தாமனிடம் சொன்னேன். "ஓட்டையை வசனத்தால அடைச்சிருங்க சார்" என்றான்.

மார்ச் 15, ஞாயிறு

பூரணி பேசினாள். அங்கே மூன்று நாளாக விடாத மழையாம், நான்கு டிகிரி. மாப்பிள்ளை தோட்டத்தில் இருக்கிறார் என்றாள். அந்த ஊர்க்காரர்கள் மழையிலும் செடியோடு நிற்பார்கள் போலிருக்கிறது, இவரும் அப்படி ஆகிவிட்டார். பொங்கலுக்கும் அவரிடம் பேச முடியவில்லை. அவருக்கு வேலை அதிகமாம்.

மிசஸ் பெல் வசனங்களைப் பதிவு செய்து அனுப்பிவிட்டாள். கச்சிதமாகப் பேசியிருக்கிறாள். இந்தப் பெண் டப்பிங்குக்கு வந்திருக்கலாம்.

மார்ச் 16, திங்கள்

கடைசிக் காட்சி. மிசஸ் பெல் கொட்டகைக் கதவைத் திறந்து மகளைப் பார்க்கிறாள். நமக்குத் தெரிவது அவள் முதுகு மட்டும். பதினோரு விநாடி அப்படியே நிற்கிறாள். திரும்புகிறாள். "ரைட்" என்று ஒரே ஒரு வார்த்தை. பிறகு டீக்குத் தண்ணீர் வைக்கப் போகிறாள். படம் முடிந்தது.

பரந்தாமன் கொதித்துவிட்டான். "பெத்த பொண்ணு பொணமா நிக்குது, அந்தம்மா ரைட்டுங்குது! பதினோரு செகண்ட் முதுகு சும்மா கிடக்கு சார். உங்களுக்குன்னே வச்ச மாதிரி. பத்து வரி போடுங்க."

ஒரே மூச்சில் எழுதினேன். 'மார்ஜரி! உன்னைப் பத்து மாதம் சுமந்த வயிறு பற்றி எரிகிறதே! எழுந்து வந்து என்னை ஒரு தடவை அம்மா என்று கூப்பிடடி, கடித்தாலும் பரவாயில்லை' என்று போகிறது.

பேச்சு எனக்குத் தானாக வரும். ஆறு வருடத்துக்கு முன்னால் என் மனைவி விஜயா போனபோதும், பதினாறாம் நாள் வந்திருந்தவர்கள் முன்னால் துண்டுச்சீட்டுகூட இல்லாமல் அரைமணி நேரம் பேசினேன். அழாதவர் இல்லை. பூரணி மட்டும் பேச்சு முடியும்வரை சமையற்கட்டில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா போன வீட்டில் அத்தனை வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்த பெண்.

மார்ச் 18, புதன்

ஸ்டூடியோவில் மிசஸ் பெல்லுக்குக் குரல் கொடுப்பவர் சுலோச்சனாம்மா. எழுபது அம்மாக்களுக்காவது அழுதிருப்பார். "தோட்டத்துல இருக்காளா, சரி மாப்ள" என்ற வரிக்கும் அழுதார். அழக்கூடாது என்று நான்கு டேக் சொல்லியும் மூக்கு உறிஞ்சினார்.

பூரணியின் பதிவைப் போட்டுக்காட்டினேன். "அடேயப்பா, என்னமா அடக்கிப் பேசுறா உன் பொண்ணு" என்றார் சுலோச்சனாம்மா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சவுண்ட் இன்ஜினியர் தாஸ் ஹெட்போனைக் கழற்றவில்லை. இன்னொரு முறை ஓட்டினார். பதினெட்டு வருடமாக என்னோடு வேலை பார்க்கிறவர், அநாவசியமாக எதையும் இரண்டாம் முறை ஓட்டமாட்டார்.

"சார், பாப்பா வீடு மாறிட்டாங்களா?"

"இல்லையே தாஸ். அதே வீடுதான். பின்னாடி தோட்டம் இருக்கே."

"இது காலி ரூம் சார். சுவர்ல பட்டுத் திரும்புது. திரைச்சீலை இல்ல, சோபா இல்ல. ஒரு கட்டில் இருந்தாக்கூட இப்படி எதிரொலி வராது. கீழே ஏதோ பஸ்ஸு ரிவர்ஸ் எடுக்குது, நல்ல உயரத்துல இருந்து கேக்குது."

போன வருடம் அவள் அனுப்பிய பழைய பதிவு ஒன்று என் போனில் இருந்தது. அதையும் வாங்கிக் கேட்டார். "இது வேற ரூம்" என்று மட்டும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வசனத்தைக் கேட்கச் சொன்னால் சுவரைக் கேட்கிறீரே என்றேன். தாஸ் பதிவை நிறுத்தினார். அடுத்த வசனத் துண்டுக்குப் போனோம்.

மார்ச் 19, வியாழன்

அரிசி, து. பருப்பு, சோப்பு. மின்வாரிய ஆபீஸ் போய் வந்தேன்.

மத்தியானம் பூரணியின் பழைய பதிவுகளை எல்லாம் வரிசையாகக் கேட்டேன். பின்னால் டிவியில் கிரிக்கெட் ஓடுகிறது. இரண்டு தட்டு வைக்கிற சத்தம். மாப்பிள்ளைக்கு ஒரு வறட்டு இருமல் உண்டு, எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

நவம்பர் பதினாறுக்குப் பிறகு மாப்பிள்ளை இருமவே இல்லை.

மார்ச் 20, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்கு எழுதிவைத்துக்கொண்டேன். நான்கு பக்கம் வந்துவிட்டது. 'மகளே, உன் அப்பன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான்' என்று ஆரம்பம். நடுவில் முகுந்தனுக்கு ஒரு பத்தி, அவர் அப்பாவுக்கு ஒரு பத்தி. வாசித்துப் பார்த்தேன், நன்றாக வந்திருக்கிறது.

மனசு அடங்காமல் மறுபடி படத்தைப் போட்டேன். கேக் டப்பா காட்சி வந்தது. வெட்டச் சொன்ன அந்த ஈரல். கசாப்புக் கடைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, மேலே கேக்கை வைத்து மறைத்து, பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே அவளுக்குத் தெரியும். மகள் இப்போது எதைத் தின்பாள் என்று தெரிந்து, அதை வாங்கிக்கொண்டுதான் வருகிறாள். ஒருவேளை முதல் ஞாயிறே தெரிந்திருக்கும். அவன் பொய் சொல்லச் சொல்ல, அந்தப் பொய்யைச் சொல்லும் அளவுக்காவது அவனுக்குத் தெம்பு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு போனை வைத்திருக்கிறாள். திரைக்கதையில் ஓட்டை ஒன்றும் இல்லை. நான்தான் பதினைந்து நாளாக அந்த அம்மாளை முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் இருப்பது வெள்ளைக்காரன் சுபாவம், கொட்டித் தீர்ப்பது நம் சுபாவம் என்று இந்தப் படத்தைப் பற்றிப் பரந்தாமனுக்கு ஒரு பிரசங்கமே செய்திருந்தேன். நான்கு மாதமாக ஞாயிறுதோறும் தோட்டம் தோட்டம் என்று சொன்னவள் ஷெஃபீல்டில் பிறந்தவள் இல்லை. வடபழனியில் பிறந்தவள். என் வீட்டில் வளர்ந்தவள்.

மார்ச் 22, ஞாயிறு

ஐந்து மணியிலிருந்து கையில் நான்கு பக்கத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஆறரைக்கு அடித்தது. கடையில் கூட்டம், இருமல் மருந்து தீர்ந்துபோனது, மழை என்று ஏதேதோ சொன்னாள். வழக்கமாக அடுத்து மாப்பிள்ளை எங்கே என்று கேட்பேன். கேட்கவில்லை.

"தோட்டம் எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

பேச்சு நின்றது. வாய் அசையாத இடத்தில் விநாடி எண்ணுவது இருபத்தேழு வருடப் பழக்கம், தன்னால் எண்ணினேன். நான்கில் வாயைத் திறந்தேன். முதல் வரி நாக்கு நுனியில் வந்து நின்றது. மிசஸ் பெல்லின் முதுகு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். பத்து, பதினொன்று, பதினைந்து. அதற்குமேல் எண்ணத் தெம்பில்லை.

"தோட்டமே இல்லப்பா" என்றாள். "இது மூணாவது மாடி."

"சரிம்மா."

அதற்கப்புறம் மெதுவாக வந்தது. முகுந்தனும் அவளும் பிரிந்து நான்கு மாதம் ஆகிறது. அடிதடி இல்லை, இன்னொருத்தி இல்லை. "சண்டைகூடப் போடலப்பா. ரெண்டு பேரும் பரவால்ல பரவால்லன்னு சொல்லியே ரெண்டு வருஷம் ஓட்டிட்டோம். ஒருநாள் அவர் தட்டைக் கழுவி வச்சிட்டு, இப்படியே இருக்க முடியாது இல்ல பூரணின்னார். முடியாதுன்னேன். அவ்வளவுதான்." சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு பெட்டியோடு வந்திருக்கிறாள். பாயும் ஒரு நாற்காலியும் மட்டும் வாங்கியிருக்கிறாளாம்.

நான் பேசாமல் இருந்தது அவளைத்தான் பயமுறுத்தியது. "அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"ஏன் மறைச்சேன்னு கேட்க மாட்டீங்களா?"

"நீயே சொல்லு."

"சொன்னா நீங்க பேசுவீங்கப்பா. கல்யாண ரிசப்ஷன்ல இருபது நிமிஷம் பேசினீங்க. இதுக்கு எவ்ளோ நேரம் பேசுவீங்களோன்னு பயந்துட்டேன்."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் அடுத்ததையும் சொன்னாள்.

"அம்மா போனப்பவும் நீங்கதானே பேசினீங்க. அன்னிக்கு நான் அழலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சுட்டீங்க. எல்லாரும் உங்களைப் பார்த்து அழுதாங்க. எனக்கு இடமே இல்லாம போச்சு. அதான் டம்ளரைக் கழுவப் போயிட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இவ்வளவு வெட்கம் வரும் என்று தெரியாது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அதுவும் ஒரு வசனமாக நீளும், என்னை எனக்குத் தெரியும். கையிலிருந்த காகிதத்தை நான்காக மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்தேன்.

"அந்த மூணாவது மாடி ஜன்னல்ல என்ன தெரியுது?" என்றேன்.

"பஸ் டிப்போப்பா."

எத்தனை பஸ் நிற்கிறது, எது எந்தப் பக்கம் போகும், சிவப்புக் குல்லாய் போட்ட டிரைவர் ஒருத்தர் தினமும் டிப்போ வாசலில் ஒரு காக்காய்க்கு ரொட்டி போடுவது, எல்லாம் சொன்னாள். ஏழேகால் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். வைக்கும்போது, "எப்படிம்மா இருக்கே?" என்றேன்.

"நல்லாயில்லப்பா" என்றாள். அவள் குரலிலிருந்து ஒரு சுமை இறங்கியிருந்தது.

மார்ச் 24, செவ்வாய்

கடைசிக் காட்சிப் பதிவு. பத்து வரியையும் அடித்துவிட்டுக் காகிதத்தைப் பரந்தாமனிடம் நீட்டினேன். 'சரி' என்ற ஒரு சொல்தான் மிச்சம். உதடு ஒட்டாத சொல், 'ரைட்'டுக்கும் உதடு ஒட்டாது, கச்சிதமாக உட்காரும்.

"என்ன சார் இது? பதினோரு செகண்ட் சத்தமே இல்லன்னா ஆடியோ போச்சுன்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டும்."

"முதுகு வேங்கடம் முதுகை விட்டுட்டாருன்னு சொல்லுவாங்க சார்!"

"அதையும் சொல்லட்டும். ஈரல் ஷாட்டையும் வெட்டாதே."

அவன் தாஸைப் பார்த்தான். தாஸ் பட்டனைத் தட்டினார். அசல் ஒலி ஓடியது. கொட்டகைக் கூரையில் மழை. உள்ளே மார்ஜரியின் நகம் பலகையில் மெல்ல உரசுகிறது. அவ்வளவு சத்தம் அந்தப் பதினோரு விநாடிக்குள் இருந்திருக்கிறது, நான் அதன்மேல்தான் பத்து வரியைக் கொட்ட இருந்தேன்.

சுலோச்சனாம்மா ஆறு டேக்கில் அழுதார். ஏழாவதில் மைக் முன்னால் பேசாமல் நின்றார், நின்றார், பிறகு சரி என்றார். பரந்தாமன் கர்சீப்பை எடுத்துக்கொண்டு, "திட்டு வந்தா உங்க பேரைச் சொல்லிருவேன் சார்" என்று வெளியே போனான்.

தாஸிடம் போய், அன்றைக்குக் கத்தியது தப்பு என்றேன். "பரவால்ல சார்" என்றார். அந்தப் பரவாயில்லைக்கு என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குத் தெரியும். அவரைக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 26, வியாழன்

பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போட்டோ எடுத்தேன். சிரிக்கக்கூடாதாம்.

மார்ச் 29, ஞாயிறு

அங்கே இன்றைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்களாம், ஐந்தரைக்கே போன் வந்துவிட்டது. கட்டில் வந்துவிட்டதாம். திரைச்சீலைக்குத் துணி பார்த்திருக்கிறாள், மஞ்சள். பேசிக்கொண்டே இருந்தவள், அம்மாவின் பழைய மஞ்சள் புடவை ஒன்று பீரோவில் இருக்குமே என்றாள். இருக்கிறது என்றேன்.

அதைக் கேட்டதும் அழுதாள். ஆறு வருடத்து அழுகை, வெகுநேரம் அழுதாள்.

நான் அதில் ஒரு வரியும் போடவில்லை.